புண்மேல் தெளிக்கும் தண்ணீர்

மேசைமேல் ஒரு குப்பி இருக்கிறது. நூறு மில்லி பிடிக்கும். தலையை அழுத்தினால் மார்கழிப் பனிபோலத் தூவுகிறது. உள்ளே வெளிர்நீலத் தண்ணீர். மேலே ஒட்டிய தாளில் ஒரு கற்றாழை மடல், ஒரு ரோஜா, 'சிகிச்சைக்குப் பின் குளிர்ச்சிக்கு' என்று ஒரு வரி. திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. தயாரித்தவர் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, உரிம எண் கிடையாது. என்றைக்குச் செய்தது, எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் கிடையாது.

ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா அதைக் கைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனார். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறிய வாரத்தில் மகளுக்குக் கல்யாண வேலை ஆரம்பமாயிருக்கிறது. புடவை, நகை, பத்திரிகை என்ற பட்டியலில் இப்போது முகமும் சேர்ந்துவிட்டதே! தஞ்சாவூரில் ஒரு பார்லரில் 'பீல்' செய்துகொண்டாள் பெண். கிளம்பும்போது இந்தக் குப்பியைக் கையில் கொடுத்து, காந்தும்போதெல்லாம் அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் காந்தல். மூன்றாம் நாள் கன்னத்தில் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம். முகூர்த்தத்தன்று மேக்கப் ஒட்டவில்லை. ஆறிய இடமெல்லாம் இன்றுவரை கருத்துக் கிடக்கிறது. "வேற எதுவும் போடலைங்க. இதத்தான் அடிச்சோம். தண்ணிதானேன்னு நெனச்சோம்" என்றார்.

கொப்புளத்துக்குக் காரணம் பார்லரில் பூசிய அமிலமா, வீட்டில் அடித்த தண்ணீரா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. அதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நமக்கு உறுத்துவது அந்த அம்மாவின் கடைசிச் சொல். தண்ணிதானே. பார்லர்காரர் அப்படித்தான் நினைக்கிறார், சப்ளை செய்பவர் அப்படித்தான் நினைக்கிறார். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

கொஞ்ச காலம் முன்புவரை பார்லர் என்றால் புருவம் திருத்துவார்கள், ப்ளீச் போடுவார்கள், ஃபேஷியல் செய்வார்கள். இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைக் கடைத்தெருக்களில் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். கெமிக்கல் பீல், லேசர், ஊசி உருளையை முகத்தில் ஓட்டும் மைக்ரோநீட்லிங் என்று வரிசையாக வரும். இவற்றில் ஒவ்வொன்றும் தோலை வேண்டுமென்றே கொஞ்சம் காயப்படுத்தி, அது ஆறும்போது வரும் பளபளப்பை நம்பிச் செய்யும் வேலை. முறையாகப் பயின்ற தோல் மருத்துவர், முகத்தையும் நிறத்தையும் பார்த்து, அமிலத்தின் அளவை அளந்து செய்தால் அது சிகிச்சை. வேறு யாரோ செய்தால் அது காயம் மட்டும்.

நம் தோலின் ஆக வெளிப்படலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50-ல் ஒரு பங்கு கனம்தான். அந்த மெல்லிய படலம்தான் நமக்கு வரப்பு. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது, வெளியே இருக்கும் கிருமியையும் ரசாயனத்தையும் உள்ளே விடாது. லேசான அமிலத் தன்மையோடு இருப்பதால் பல கிருமிகளுக்கு அங்கே குடியிருப்பு ஒத்துவராது. பீல் செய்த அன்று அந்த வரப்பு உடைந்து கிடக்கிறது. வரப்புடைந்த வயலில் என்ன நடக்கும் என்று டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டிவைத்த தண்ணீர் வெளியே போகும், பக்கத்து வாய்க்காலில் ஓடுவதெல்லாம் உள்ளே வரும். சாதாரண நாளில் முகத்தில் பட்டு வழிந்துபோகும் ஒரு துளி, அன்றைக்கு உள்ளே இறங்குகிறது.

நம் போன்ற மாநிறத் தோலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கே அழற்சி வந்து ஆறினாலும் அந்த இடம் கருத்துப்போகும். வெள்ளைத் தோலில் சிவந்து மறைவது நமக்கு மாதக்கணக்கில் கருமையாக நிற்கும். அதிலும் பீல் செய்த பிறகு வெயிலே படக்கூடாது என்பார்கள். அறுப்புக்கும் களைபறிக்கும் போகிற குடும்பத்துப் பெண் வெயில் படாமல் எங்கே போவாள்?

இனி அந்தத் தண்ணீருக்கு வருவோம்.

2021-ல் அமெரிக்காவில் கான்சாஸ், மினசோட்டா, டெக்சஸ், ஜார்ஜியா என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு ஒரே நோய் வந்தது. நால்வரும் வெளிநாடு போனவர்கள் இல்லை. இருவர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அவர்கள் வீட்டு மண்ணையும் தண்ணீரையும் சாமான்களையும் மாதக்கணக்கில் சலித்துப் பார்த்து, கடைசியில் ஜார்ஜியா வீட்டில் ஒரு குப்பியைப் பிடித்தது. லாவெண்டர், கெமமைல் வாசனையோடு அறையில் தூவும் ஸ்ப்ரே. அதற்குள் அந்தக் கிருமி உயிரோடு இருந்தது. அக்டோபர் 22-ம் தேதி வால்மார்ட் கடைகளில் விற்ற ஏறத்தாழ 3,900 குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. குப்பி தயாரானது இந்தியாவில்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கிருமியின் சொந்த ஊர். பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற அந்தப் பாக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. நெல்வயல் அதற்குப் பிடித்த வீடு. தாய்லாந்தின் வடகிழக்கில் இது நெல் விவசாயிகளின் நோய் என்றே பேர் எடுத்தது. முதன்முதலில் இதை உலகுக்கு எடுத்துச் சொன்ன கட்டுரை 1912-ல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் வந்தது. எழுதியவர்கள் ரங்கூனில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். உலகம் விட்மோர் பெயரை வைத்துக்கொண்டது, கிருஷ்ணசாமியை மறந்தது. அது வேறு கதை. ஆண்டுக்கு உலகில் 1,65,000 பேருக்கு இது வரலாம், 89,000 பேர் சாகலாம் என்று 2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. தமிழ்நாட்டிலும் இது இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். தோலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாகவும் மூச்சு வழியாகவும் நுழையும். பார்க்கக் காசநோய்போல இருந்து ஏமாற்றும். குணப்படுத்த ஊசியும் மாத்திரையுமாக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும்.

நம் பார்லர் குப்பிகளில் இந்தக் கிருமி இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. அப்படிப் பீதி கிளப்புவது இந்தப் பத்திரிகையின் வேலையும் இல்லை. நாம் சொல்வது இவ்வளவுதான்: வாசனைத் தண்ணீர் அடைத்த ஒரு சாதாரணக் குப்பிக்குள் அது உயிரோடு கடல் கடந்து போயிருக்கிறது. அங்கே அதை அறையில்தான் தூவினார்கள். இங்கே நாம் தோலுரிந்த கன்னத்தில் தூவுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆள் இல்லை.

"ஆர்ஓ தண்ணி போட்டுத்தான் செய்யறாங்க" என்று பதில் வரும். ஆர்ஓ எந்திரம் உப்பை எடுக்கும். எடுத்த தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, குழாயில் விட்டு, கேனில் பிடித்து, வாரக்கணக்கில் வைத்தால் அந்தக் குழாயின் உள்சுவரில் வழுவழுப்பாக ஒரு படலம் கட்டும். அதை விரலால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் படலமே கிருமிகள் கட்டிக்கொண்ட வீடு. குளோரினும் வடிகட்டலில் போய்விட்டதால் அவற்றைத் தொந்தரவு செய்ய ஒன்றும் இல்லை. சூடோமோனாஸ், பர்கோல்டேரியா செபேசியா போன்றவை சத்தே இல்லாத தண்ணீரிலும் பெருகும். செபேசியா சில கிருமிநாசினிகளுக்குள்ளேயே பிழைத்துக் கிடந்திருக்கிறது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மருந்துகளைச் செய்பவர்களுக்கு இதைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் தனியாக எச்சரிக்கை விட்டது. மருந்துக் கம்பெனிகளுக்கே இந்தக் கதி. மாடியில் கேனிலிருந்து புனல் வைத்து ஊற்றும் குப்பிக்கு என்ன கதி?

கெடாமல் இருக்க ஏதாவது ரசாயனம் சேர்க்கலாமே என்று தோன்றும். மென்மையான ஸ்ப்ரே செய்ய முனைபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காக்கும் ரசாயனம் வலுவாக இருந்தால் கிருமி சாகும், தோலும் காந்தும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ஒன்றை ஒரு காலத்தில் ஷாம்பு முதல் ஈரத் துடைப்பான் வரை எல்லாவற்றிலும் போட்டார்கள். ஒவ்வாமை பெருகி, 2013-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. கழுவாமல் தோலில் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை போட்டது.

சரி, எதையும் சேர்க்காமல் விட்டால்? 2023-ல் சென்னைக்கு அருகே தயாரான ஒரு செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை அமெரிக்க அதிகாரிகள் ஒரு பெரிய தொற்றோடு தொடர்புபடுத்தினார்கள். 18 மாநிலங்களில் 81 பேர், 14 பேருக்குப் பார்வை இழப்பு, நான்கு பேர் மரணம். இங்கே எடுத்த மாதிரிகளில் கிருமி காணப்படவில்லை என்று தமிழக அதிகாரிகள் தெரிவித்தார்கள். அந்த வழக்கு எப்படியும் போகட்டும். காக்கும் ரசாயனம் இல்லை, ஆனால் பலமுறை திறந்து மூடும் குப்பி என்ற அமைப்பே ஆபத்து என்பது அதில் வெட்டவெளிச்சமானது. பார்லர் கொடுக்கும் 'கெமிக்கல் இல்லாத' ஸ்ப்ரேயும் அதே அமைப்புத்தான்.

இதற்கு விடையே இல்லையா என்றால், உண்டு. விடை குப்பிக்கு உள்ளே இருப்பதைவிடக் குப்பியில்தான் அதிகம் இருக்கிறது. தெற்குப் பிரான்சில் அவேன் என்ற சின்ன ஊர். 18-ம் நூற்றாண்டிலிருந்து தோல் நோய்க்காரர்கள் குளிக்கப் போகும் ஊற்று அங்கே உண்டு. அந்தத் தண்ணீரையே கிருமி படாமல் பிடித்து, நைட்ரஜன் வாயுவோடு கேனில் அடைத்து உலகம் முழுக்க விற்கிறார்கள். அழுத்தினால் தண்ணீர் வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. எனவே கடைசிச் சொட்டுவரை சுத்தம். மருத்துவர்கள் லேசருக்குப் பிறகு அதைத் தருவதற்கு ஊற்றின் மகிமை பாதி காரணம் என்றால், அந்தக் கேனின் மூடி மீதிப் பாதி. இன்னொரு வழி ஹைப்போகுளோரஸ் அமிலம். நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லத் தாமே சுரக்கும் பொருள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்திச் செய்யலாம். சரியான அளவில் காந்தாது. ஆனால் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வீரியம் போய் வெறும் உப்புத் தண்ணீராகிவிடும். யூடியூப் பார்த்துக் கொல்லையில் செய்கிற காரியமில்லை.

இந்த இரண்டும் வேண்டாம், கையில் காசில்லை என்றால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் போதும். நூறு மில்லிக்கு 0.9 கிராம் உப்பு, கிருமி நீக்கி அடைத்தது, மேலே தொகுப்பு எண்ணும் தேதியும் உண்டு. சுத்தமான துணியில் நனைத்து ஒற்றிவிட்டு, திறந்த புட்டியில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பிறகு மருத்துவர் சொன்ன களிம்பைப் பூச வேண்டும். எந்தத் தண்ணீரையும் தெளித்துவிட்டு அப்படியே விட்டால் அது காயும்போது தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பத்து ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் இது ஒரே விதி.

பன்னீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்டாக் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பு நிற்காத காலம் இல்லை. நம் முதல் ஸ்ப்ரே அதுதான் என்றுகூடச் சொல்லலாம். வருகிறவர் தோளிலும் துணியிலும் நாலு துளி தெளிப்பார்கள், மணக்கும், அதோடு சரி. தோலுரிந்த கன்னத்தில் யாரும் தெளித்ததில்லை. ரோஜாவுக்கு அந்த மணத்தைத் தரும் ஜெரானியால், சிட்ரோனெல்லால் இரண்டும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் ஐரோப்பாவில் லேபிளில் பெயர் சொல்லியே தீர வேண்டும். 'இயற்கையானது' என்ற சொல் புண்ணுக்குத் தெரியாது. அரிசி களைந்த கழுநீரும் அப்படித்தான். ஒரு ராத்திரி வைத்தால் புளித்துப்போகிறது என்று மாட்டுத் தொட்டியில் ஊற்றுகிறோமே, அதைக் குப்பியில் அடைத்து முகத்தில் அடிக்கச் சொல்லும் வீடியோக்களுக்கு லட்சக்கணக்கில் பார்வையாளர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், உடலில் தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது என்று நான்கையும் சொல்லி, அழகுக்காகவோ சுத்தத்துக்காகவோ அப்படிப் பயன்படுத்தும் பொருளை அழகுசாதனம் என்கிறது. ஆகவே ஸ்ப்ரே அழகுசாதனம். 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி அதைச் செய்ய மாநில அரசின் உரிமம் வேண்டும், லேபிளில் தயாரித்தவர் முகவரி, சேர்மானங்கள், தொகுப்பு எண், காலாவதி எல்லாம் வேண்டும். நம் மேசைமேல் உள்ள குப்பி இதில் எதையும் செய்யவில்லை. அது வெறும் விதிமீறல், பிடித்தால் நடவடிக்கை எடுக்கலாம். நம் கவலை விதிப்படி நடக்கும் குப்பியைப் பற்றியும்தான். அழகுசாதனம் கிருமியே இல்லாததாக இருக்க வேண்டியதில்லை. உலகத் தர அமைப்பின் 17516 என்ற தரம் சாதாரண அழகுசாதனத்தில் கிராமுக்கு 1,000 நுண்ணுயிர்கள்வரை அனுமதிக்கிறது. நோய் தரும் சில குறிப்பிட்ட கிருமிகள் மட்டும் இருக்கக் கூடாது. முழுத் தோலுக்கு அது நியாயமான அளவு. வரப்புடைந்த தோலுக்கு? அழகுசாதனத்துக்கும் மருந்துக்கும் நடுவே சட்டத்தில் ஓர் அறை இல்லை. புண்ணை ஆற்றும் என்று சொன்னால் அது மருந்து, கடுமையான விதிகள் வந்துவிடும். 'இதமளிக்கும்', 'குளிர்ச்சி தரும்' என்று சொன்னால் அழகுசாதனம். ஒரு வினைச்சொல்லை மாற்றினால் ஒரு சட்டத்திலிருந்து தப்பலாம்.

'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை குறைவானது), 'தோல் மருத்துவர் சோதித்தது' என்ற சொற்களை நம்பியும் பயனில்லை. அமெரிக்காவில் 1975-ல் அந்த முதல் சொல்லுக்கு அரசு ஓர் இலக்கணம் வகுத்தது. இரண்டு கம்பெனிகள் வழக்குப் போட்டு 1977-ல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்கு யார் வேண்டுமானாலும் என்ன பொருளும் வைத்துக்கொள்ளலாம்.

பார்லர் நடத்தும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கை கழுவ முடியாது. குழுவில் கடன் வாங்கி, ஆறு மாதப் பயிற்சி முடித்து, கடை போட்ட ஒருவர் சொன்னது: "கம்பெனி பாட்டில் விலைக்குக் கட்டுப்படியாகாது சார். கஸ்டமர் நூறு ரூபா குடுக்கவே யோசிப்பாங்க. அஞ்சு லிட்டர் கேனா வாங்கி நாங்களே ஊத்திக் குடுக்கறதுதான். கேன்ல என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேன் வந்த வழியைத் தேட வேண்டியவர் அவர் இல்லை. கரைப்பான் என்ற பெயரில் கேனில் என்னென்ன வரும் என்பதை 2025 அக்டோபரில் பார்த்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைத் தமிழக ஆய்வகமே கண்டுபிடித்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அது வாய்வழி போனது, தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்களுக்கு: 1985-ல் ஸ்பெயினில் அதே ரசாயனம் கலந்த களிம்பைத் தீப்புண்மேல் தடவியதில் ஐந்து நோயாளிகள் இறந்தார்கள். உடைந்த தோல் ஒரு வாய்தான்.

இவ்வளவுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. பார்லருக்குப் போவதற்கு முன்பே பாதிப் பெண்களின் முகம் மெலிந்துபோயிருக்கிறது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மங்கு போக, முகப்பரு போக, நிறம் வர, மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். முதல் பத்து நாள் முகம் நிலாபோல இருக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டால் எரிந்து, டியூபை நிறுத்தினால் முகம் பொங்கும். 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நாடெங்கும் 12 மையங்களுக்கு முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. ஆணை இருக்கிறது, டியூபும் கிடைக்கிறது. மலப்புறத்தில் சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களை விசாரித்தபோது சிவப்பழகு க்ரீமும் அதிலிருந்த பாதரசமும் வெளியே வந்த கதையையும் மறக்க வேண்டாம். இப்படிப்பட்ட முகத்தின்மேல்தான் பீல், அதன்மேல்தான் இந்தத் தண்ணீர்.

அழகுக்காகச் செய்துகொண்ட சிகிச்சையில் உயிரே போனதும் உண்டு. நடவு என்றால் நமக்கு நாற்று நடவு. நகரத்தில் முடி நடவு வந்து வெகுகாலமாயிற்று. 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நடவு செய்துகொண்ட பின் இறந்தார், அதன் பிறகுதான் அந்த நிலையத்துக்கு முத்திரை வைத்தார்கள். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே சொல்ல வேண்டி வந்தது. ஓர் உயிர் போனால்தான் ஓர் ஆணை வரும் என்ற கணக்கு தஞ்சைக்கும் வர வேண்டுமா?

இதே ஊரில், இருநூறு ஆண்டுக்கு முன், இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வித்தார். யாருக்கு என்ன கோளாறு, என்ன மருந்து, எத்தனை நாளில் என்ன ஆயிற்று என்று எழுதி, கண்ணின் படத்தையும் வரைந்து வைத்தார்கள். அந்த ஏடுகள் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. 2020-களில் தஞ்சாவூரில் ஒரு பெண்ணின் முகத்தில் எத்தனை விழுக்காடு அமிலம் பூசினார்கள் என்று கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பீல், லேசர், ஊசி உருளை செய்யும் எந்தக் கடையாக இருந்தாலும் மாநில மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்குள் வர வேண்டும், மருத்துவர் பொறுப்பேற்க வேண்டும், என்ன பூசினோம் எந்தத் தொகுப்பு எண் என்று ஒரு நோட்டுப் புத்தகமாவது வைக்க வேண்டும். இதைச் செய்யப் புதுச் சட்டம் தேவையில்லை.

மருந்து ஆய்வாளர்கள் மாதிரி எடுக்கும் மாதம் எது என்பதும் முக்கியம். தை அறுவடை முடிந்து பங்குனி, வைகாசி வரை முகூர்த்தக் காலம். குப்பிகள் கைமாறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களிலும் பெயரில்லாத கேன்களை எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி முடிவை வெளியிடுங்கள். மருந்தால் பக்கவிளைவு வந்தால் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் நாட்டுக்கே பொதுவாக இருக்கிறது. அழகுசாதனத்தால் முகம் வெந்தவர் யாரிடம் சொல்வது என்று டெல்டாவில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். டெல்லிக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. சிகிச்சைக்குப் பின் தோலில் தெளிக்கும் பொருள் என்று தனி வகுப்பு ஒன்றைப் பிரித்து, அது கிருமி நீக்கியதாக, வாசனை சேர்க்காததாக, வெளிக்காற்று உள்ளே புகாத கேனிலோ ஒருமுறை உடைத்துத் தூக்கிப்போடும் சிறு குழாயிலோ மட்டும் வர வேண்டும் என்று விதி எழுதட்டும்.

அப்படி ஒரு பொருளை இங்கேயே செய்ய முடியாதா என்ற கேள்வியையும் விட மனமில்லை. திருவாரூரில் 1967-ல் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, தஞ்சாவூருக்கு வந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது ஒன்று. அரிசித் தவிட்டில் செராமைடு வகைக் கொழுப்புகள் உண்டு. உடைந்த தோல் வரப்பைத் திரும்பக் கட்டும் கொழுப்புகளுக்கு உறவு. ஜப்பானில் அதைப் பிரித்தெடுத்து முகக் களிம்பில் போட்டு விற்கிறார்கள். நம் மில்களில் தவிடு மலைபோலக் கிடக்கிறது, எண்ணெய்க்கும் மாட்டுக்கும் போகிறது. மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவும் இந்த நிறுவனமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், நூறு ரூபாய்க்குள் பார்லர் பெண்ணும் வாங்கக்கூடிய ஒரு நல்ல குப்பி வராதா? வரும்வரை அந்தச் சலைன் புட்டி போதும்.

குப்பியை ஜன்னலோரம் வைத்து நாற்பது நாள் ஆயிற்று. நேற்றுக் காலை வெயில் பட்டபோது பார்த்தோம். நீலம் வெளுத்திருந்தது. அடியில் பஞ்சுநூல்போல ஒன்று மிதந்தது. சொல்லலாம் என்று அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தோம். "அப்படியாங்க" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, வைகாசியில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது என்றும், அதே பார்லரில் முன்பணம் கொடுத்தாயிற்று என்றும் சொன்னார்.